முப்பது சிலேட்டும் ஒரு தொடுதிரையும்

52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் 35 என்று எழுதுவார்கள். தொடக்கப் பள்ளியில் கணக்கு நடத்திய எந்த ஆசிரியரையும் கேளுங்கள். இந்த 35ஐப் பார்க்காதவர் இருக்க மாட்டார். ‘ரெண்டிலிருந்து ஏழு போகாது’ என்று கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளை, போகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொள்கிறது. ஏழிலிருந்து ரெண்டு போனால் ஐந்து, ஐந்திலிருந்து ரெண்டு போனால் மூன்று. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு பிள்ளை 26 என்று எழுதியிருக்கும். அதுவும் தவறுதான். ஆனால், அந்தப் பிள்ளை ஒரு பத்தைப் பிரித்துக்கொண்டு, பன்னிரண்டிலிருந்து ஏழை எடுத்திருக்கிறது. விரல்விட்டு எண்ணும்போது ஒன்று தப்பிவிட்டது, அவ்வளவுதான். முதல் பிள்ளைக்குப் பத்து, ஒன்று என்ற இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. குச்சிக் கட்டைப் பிரித்துப் பிரித்து ஒரு வாரமாவது அதோடு உட்கார வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு ‘மறுபடி எண்ணிப் பாரு சாமி’ என்றால் போதும்.

சுவரில் மாட்டிய தொடுதிரை இந்த இரண்டு பிள்ளைகளையும் எப்படிப் பார்க்கிறது? பெரும்பாலான பயிற்சிச் செயலிகளில் இரண்டு விடைக்கும் ஒரே சிவப்புக் குறி, ஒரே சத்தம், ‘மீண்டும் முயற்சி செய்’ என்ற ஒரே வரி. தொடக்கப் பள்ளியில் கணக்குச் சொல்லித்தரத் தொழில்நுட்பம் வேண்டுமா என்ற கேள்வியை இந்த இடத்திலிருந்துதான் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். வேண்டும் என்பதே என் பதில். ஆனால், எந்தக் கருவி வந்தாலும் அது 35ஐயும் 26ஐயும் பிரித்துப் பார்க்க ஆசிரியருக்கு உதவ வேண்டும். வகுப்பில் உள்ள அத்தனை பிள்ளைகளின் கைக்கும் வேலை கொடுக்க வேண்டும். இந்த இரண்டையும் செய்யாத பலகை எத்தனை அங்குலம் இருந்தாலும் அது வகுப்பறைக்குள் வந்த இன்னொரு தொலைக்காட்சிப் பெட்டி.

தமிழ்நாடு இந்தப் பாதையில் வெகுதூரம் வந்துவிட்டது. 2018இல் வந்த புதிய பாடநூல்களில் க்யூஆர் குறியீடு அச்சானது. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. 2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் வந்தது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பொருள் புரிந்து வாசிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அதன் இலக்கு. அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 22,931 திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கும் திட்டத்தை அரசு எடுத்துச் செய்தது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கையடக்கக் கணினிகள், 101.48 கோடி ரூபாய் செலவில். திருப்பூரைப் பொறுத்தவரை இதற்கு மேலும் ஒன்று உண்டு. பின்னலாடை ஏற்றுமதி நிறுவனங்களும் ரோட்டரி போன்ற சங்கங்களும் முன்னாள் மாணவர்களும் பள்ளிகளுக்குக் கட்டடம், கழிப்பறை, ஸ்மார்ட் போர்டு என்று வாங்கித் தருவது இந்த ஊரில் பழைய வழக்கம். கொடுக்கிற மனம் உள்ள ஊர். அதனால்தான் எதைக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்ற பேச்சு இங்கே நடக்க வேண்டும்.

ஒன்றரை ஷிப்ட்டின் பிள்ளைகள்

காலை எட்டரைக்குக் கம்பெனிக்குள் போய் இரவு எட்டரைக்கு வெளியே வந்தால் அதற்கு ஒன்றரை ஷிப்ட் என்று பெயர். ஆர்டர் அவசரம் என்றால் அதற்கு மேலும் நீளும். கட்டிங், ஓவர்லாக், பேட்லாக், கைமடி, செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று அப்பாவும் அம்மாவும் ஆளுக்கொரு மேசையில் நிற்கிறார்கள். லைன் வீட்டில் பிள்ளை தனியாகவோ பக்கத்து வீட்டு அக்காவின் பார்வையிலோ இருக்கிறது. அம்மா வந்து அடுப்பைப் பற்றவைக்கும்போது மணி ஒன்பது. அந்த நேரத்தில் வீட்டுப் பாடத்தில் கழித்தல் கணக்கைத் திருத்திக் கொடு என்று அந்தத் தாயிடம் எந்தப் பள்ளி கேட்க முடியும்?

ஆகவே, இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு நேரம் என்பது பள்ளியில் கிடைக்கும் நேரம் மட்டுமே. நடுத்தர வீட்டுப் பிள்ளைக்கு வகுப்பில் ஒரு பாடவேளை வீணானால் வீட்டில் ஈடு கட்ட ஆள் உண்டு, டியூஷன் உண்டு. இங்கே அது இல்லை. 2020 மார்ச்சில் மூடிய தொடக்க வகுப்புகள் 2021 நவம்பர் 1இல்தான் திறந்தன. அந்த இடைவெளி கணக்கில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்பதை 2022இல் ஏசர் ஆய்வு காட்டியது. ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் பத்தைப் பிரித்துக் கழிக்கும் ஈரிலக்கக் கணக்கையும், மூவிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுக்கும் கணக்கையும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு அது. தமிழ்நாட்டின் நிலை அதில் 2018ஐவிடச் சரிந்திருந்தது. அதாவது, நான் மேலே சொன்ன அதே 52, 27 வகைக் கணக்கில்தான் நம் பிள்ளைகள் இடறினார்கள்.

இப்போது ஒரு பாடவேளையை எடுத்துக்கொள்வோம். 40 நிமிடம், 30 பிள்ளைகள், ஒரு தொடுதிரை. ஆசிரியர் ஒரு சொல்கூடப் பேசாமல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாலும் ஒரு பிள்ளைக்கு ஒன்றேகால் நிமிடம் சொச்சம்தான் கிடைக்கும். மீதி நேரமெல்லாம் அந்தப் பிள்ளை அடுத்தவர் தொடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஊடாடும் பலகை என்று பெயர். ஊடாடுவது ஒருவர், வேடிக்கை பார்ப்பது 29 பேர்.

இங்கிலாந்து இதை இருபது ஆண்டுகளுக்கு முன்பே செய்து பார்த்துவிட்டது. தொடு பலகையை 1991இல் கனடாவின் ஸ்மார்ட் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்தது; அதைப் பள்ளி பள்ளியாக மாட்டியதில் முந்திக்கொண்ட நாடு பிரிட்டன். தொடக்கப் பள்ளிகளில் எழுத்தறிவுக்கும் எண்ணறிவுக்கும் இந்தப் பலகையைப் பயன்படுத்திப் பார்த்த முன்னோடித் திட்டத்தை நியூகாசல் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2005இல் முடிவுகளைச் சொன்னார்கள். ஆசிரியர்களுக்குப் பலகை பிடித்திருந்தது, பிள்ளைகளுக்கும் பிடித்திருந்தது. முதல் ஆண்டுத் தேர்வில் மிகச் சிறிய முன்னேற்றம் தெரிந்தது. இரண்டாம் ஆண்டில் பலகை உள்ள பள்ளிக்கும் இல்லாத பள்ளிக்கும் வேறுபாடு இல்லை. பாடம் வேகமாக நகர்ந்தது, குழுவாக உட்கார்ந்து வேலை செய்யும் நேரம் குறைந்தது என்றும் அவர்கள் கண்டார்கள். லண்டன் மேல்நிலை வகுப்புகளை ஆராய்ந்து 2007இல் வந்த மற்றோர் அறிக்கை இன்னும் நுட்பமானது: பின்தங்கிய மாணவர்கள் இருக்கும் வகுப்பில் ஒவ்வொருவராகப் பலகைக்கு வந்து போவதே மொத்த வகுப்பின் கற்றலையும் தாமதப்படுத்தக்கூடும் என்றது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. டெல்லியில் ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலை நேர மையங்களில் ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற மென்பொருளைக் கொடுத்துப் பார்த்தார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் மூவரும் அதை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. நாலரை மாதத்தில் கணக்கில் நல்ல முன்னேற்றம். காரணம் என்ன? ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணினி. எட்டாம் வகுப்புப் பிள்ளை நான்காம் வகுப்புக் கணக்கில் நின்றால் மென்பொருளும் அங்கிருந்தே தொடங்கியது. எந்த வகைத் தவறு என்று பார்த்து அடுத்த கணக்கைக் கொடுத்தது. கூடவே சிறு குழுவாக உட்கார வைத்துச் சொல்லித்தர ஓர் ஆளும் இருந்தார். தனிக் கை, தன் நிலை, பக்கத்தில் ஓர் ஆசிரியர். வகுப்பின் நடுவில் ஒரே ஒரு திரையை மாட்டுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஆளுக்கொரு பலகை இருந்தது

நம்மிடம் இதற்கு ஒரு பழைய விடை இருந்தது. அதை நாமே மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம். 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், ரிஷிவேலிப் பள்ளியின் முறையைப் பார்த்துவிட்டு வந்து 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007இல் அது மாநிலம் முழுவதும் போனது. அட்டைகள், ஏணிப்படிகள், பிள்ளைகளின் ஓவியத்தைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் எல்லாம் பலருக்கும் நினைவிருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியமானது என்று நான் கருதுவது வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில், தரையில் உட்காரும் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், சுற்றிலும் அடித்த கறுப்பு வண்ணம். ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தச் சுவரில் ஓர் இடம். பெயர் எழுதியிருக்கும். சாக்பீசை எடுத்துத் தன் கணக்கைத் தன் பலகையில் போடும். ஆசிரியர் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தால் யார் 35, யார் 26, யார் 25 என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.

செயல்வழிக் கற்றலில் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழிந்தன, மாற்று அட்டை வரவில்லை, ஏணிப்படியில் பிள்ளை எங்கே நிற்கிறது என்று குறிப்பதே பெரிய வேலையாகிப் போனது. அந்த முறையை அப்படியே திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. ஆனால், ஆளுக்கொரு பலகை என்ற அந்த எண்ணம் இருக்கிறதே, அது தொடுதிரையைவிடப் பெரிய தொழில்நுட்பம். சுவர்களை மறுபடி வண்ணம் அடித்தபோது பல பள்ளிகளில் அந்தக் கறுப்புப் பட்டை மறைந்து, மேலே பூவும் கிளியும் ஏறின. இப்போது அதே சுவரில் பெரியவர் கைக்கு எட்டும் உயரத்தில் திரை. முதல் வகுப்புப் பிள்ளை எக்கி நின்றாலும் அதன் கீழ்ப்பகுதியைத்தான் தொட முடியும். மாட்டுகிறவர் ஒருமுறை முட்டி போட்டு நின்று பார்த்தால் தெரிந்துவிடும் விஷயம் இது. ஜன்னல் பக்கம் வெயில் விழுந்தால் அந்தப் பக்கத்து வரிசைக்குத் திரை வெளுத்துப்போய் ஒன்றும் தெரியாது. அதையும் மாட்டும்போதே பார்க்க வேண்டும்.

தீர்வு செலவு வைப்பதல்ல. ஆளுக்கொரு சிலேட்டு, அல்லது அழித்தெழுதும் சிறு வெள்ளைப் பலகை. திரையில் ஒரு கணக்கு தோன்றுகிறது. எல்லாரும் எழுதுகிறார்கள். ‘தூக்கிக் காட்டு’ என்று சொன்னதும் முப்பது சிலேட்டும் மேலே எழுகின்றன. ஆசிரியர் ஒரு 35ஐயும் ஒரு 26ஐயும் ஒரு 25ஐயும் பார்த்துத் தேர்ந்து, மூவரையும் திரைக்குக் கூப்பிடுகிறார். ‘நீ எப்படிப் போட்டே, இவங்களுக்குச் சொல்லு’ என்கிறார். இப்போதுதான் திரைக்கு வேலை. ஐந்து பத்துக் கட்டுகளும் இரண்டு ஒற்றைக் குச்சிகளும் அதில் இருக்கின்றன. ஏழு குச்சி வேண்டும், இரண்டுதான் இருக்கிறது. ஒரு கட்டைத் தொட்டதும் அது பத்துக் குச்சியாகப் பிரிகிறது. இப்போது நான்கு கட்டு, பன்னிரண்டு குச்சி. 35 எழுதிய பிள்ளையின் விரலே அந்தக் கட்டைப் பிரிக்க வேண்டும். கரும்பலகையில் இதைச் சொல்லால் விளக்கலாம். கண்ணெதிரே பிரித்துக் காட்ட முடியாது. அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம், பத்து முறை பிரிக்கலாம், தவறாகப் பிரித்தால் திரும்பச் சேர்க்கலாம். திரையின் உண்மையான பலம் இதுதான். பாடலோடு ஆடும் யானைக்குட்டி பிள்ளையைச் சிரிக்க வைக்கும், கழித்தலைச் சொல்லித்தராது.

உண்மையான குச்சிக் கட்டையே கையில் கொடுக்கலாமே என்று கேட்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும், அதுவும் முதலில். பி.கே. சீனிவாசன் என்றொரு கணித ஆசிரியர் நம்மிடையே இருந்தார். சென்னை முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கற்பித்தவர், ராயபுரத்தில் ராமானுஜன் அருங்காட்சியகத்தைத் தொடங்கியவர், 2005இல் மறைந்தார். தீக்குச்சி, கிழிந்த காகிதம், நாள்காட்டி என்று கையில் கிடைப்பதை வைத்தே எண்களின் அமைப்பைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கும்படி செய்தவர் அவர். அவரைப் போன்றவர்களின் வழிதான் தொடக்கக் கணக்கின் ராஜபாட்டை: முதலில் கைப்பொருள், பிறகு படம், பிறகு எண். திரை அந்த நடுப்படியில் வருகிறது. முதல் படியைத் தாண்டிக் குதித்துத் திரைக்கு வந்த பிள்ளைக்கு அந்தப் பத்துக் கட்டு வெறும் நீலப் பெட்டியாகத்தான் தெரியும்.

திருப்பூரின் கணக்கு

இன்னொரு குறை, இந்தத் திரைகளில் ஓடும் பாடங்கள் யாருக்கோ எழுதப்பட்டவையாக இருக்கின்றன. ஆப்பிளைக் கூட்டுகிறார்கள், பீட்சாவை நான்காக வெட்டுகிறார்கள். திருப்பூர்ப் பிள்ளையைச் சுற்றி ஓடும் கணக்கு எவ்வளவு! சனிக்கிழமைச் சம்பளத்தைப் பாருங்கள். ஒரு ஷிப்ட் கூலி 480 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அம்மா ஐந்து நாள் ஒன்றரை ஷிப்ட், ஆறாம் நாள் ஒரு ஷிப்ட் போயிருக்கிறார். மொத்தம் எட்டரை ஷிப்ட். சம்பளம் 4,080. வாரத்தின் நடுவில் வாங்கிய அட்வான்ஸ் 500 போனால் கையில் 3,580. பின்னம், பெருக்கல், கழித்தல் மூன்றும் ஒரே சம்பளக் கவரில் வந்துவிடுகின்றன. அரை என்றால் என்ன என்று பீட்சாவில் புரியாத பிள்ளைக்கு அரை ஷிப்ட்டில் புரியும். அந்த அரை நாள் அம்மா வீட்டில் இல்லை என்பது அதற்குத் தெரியும்.

வட்டப் பின்னல் இயந்திரத்தில் வரும் கோடு போட்ட துணி இன்னொரு பாடம். மூன்று வரி சிவப்பு, இரண்டு வரி வெள்ளை, மறுபடி அப்படியே. 23ஆவது வரி என்ன நிறம்? பாடநூலில் ‘அமைப்புகள்’ என்று ஓர் அலகே இருக்கிறது. திரையில் பிள்ளைகள் வரி வரியாக நிறம் தீட்டிப் பார்க்கலாம். ஐந்து வரிக்கு ஒருமுறை திரும்புகிறது என்பதை ஒரு பிள்ளை கண்டுபிடித்துவிட்டால், 23ஐத் தொடாமலே சிவப்பு என்று சொல்லிவிடும். அந்த நொடியில் அது வகுத்தலையும் மீதியையும் தொட்டுவிட்டது. கட்டிங் மாஸ்டர் செய்வது என்ன? முன்பாகம், பின்பாகம், கை என்று துண்டுகளை இப்படியும் அப்படியும் திருப்பி அடுக்கித் துணி வீணாகாமல் பார்த்துக்கொள்கிறார். பெரிய கம்பெனிகளில் இதைக் கணினித் திரையிலேயே செய்கிறார்கள். கட்டம் போட்ட தொடுதிரையில் வடிவங்களை இழுத்து அடுக்கும் விளையாட்டாக அதை மாற்றினால், பரப்பளவுக்கு அதைவிடச் சிறந்த பாடம் எங்கே கிடைக்கும்? அந்த மாஸ்டரின் மகள் அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள்.

பிள்ளையின் ஊரும் தொழிலும் கணக்குக்குள் வருவது நமக்குப் புதிதல்ல. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு, தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளின் கணக்கை விரிவாக ஆராய்ந்தவர். எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் என்று அந்தப் பள்ளிகளில் கற்ற எண்கள் நெல்லையும் நிலத்தையும் பொன்னையும் அளந்த எண்கள். மனப்பாடம் மிகுதி, சாதிக் கதவு அடைத்திருந்த பள்ளி. அந்தக் காலத்தைப் புகழ்வதற்கில்லை. ஆனாலும், தெருவில் புழங்கும் அளவைகளே பள்ளியின் கணக்காக இருந்தன என்பதை எடுத்துக்கொள்ளலாம். நூலின் நம்பர், துணியின் எடை, டஜன், பீஸ் ரேட், ஷிப்ட் ஆகியவை இந்த வட்டாரத்தின் அளவைகள்.

இதை யார் செய்வது? உடுமலையை அடுத்த திருமூர்த்தி நகரில் மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. மாவட்டத்தின் ஆர்வமுள்ள ஆசிரியர்கள் சிலரையும் கட்டிங் மாஸ்டர், பேட்டர்ன் மாஸ்டர் சிலரையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால் ஒரு பருவத்துக்குத் தேவையான பயிற்சிகள் வந்துவிடும். ஜியோஜீப்ரா, கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. விலை கொடுத்து வாங்கும் பாடத் தொகுப்புக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. குழந்தைத் தொழிலாளர் என்ற பழியை ஒரு காலத்தில் சுமந்த ஊர் இது. பனியன் கம்பெனியைப் பாடத்துக்குள் கொண்டுவருவது பிள்ளையை அங்கே அனுப்புவதற்கா என்று சிலர் சந்தேகப்படலாம். கூலிச் சீட்டைச் சரிபார்க்கத் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கடினம். அப்பா அம்மாவின் உழைப்புக்குக் கணக்கு உண்டு என்று வகுப்பறை மதித்துச் சொன்னால் அந்தப் பிள்ளை பள்ளியில் கூடுதலாக ஒட்டும்.

பிற மாநிலப் பிள்ளைகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம், மேற்கு வங்கம் என்று வந்து தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் திருப்பூர் நகரப் பள்ளிகளில் ஆண்டுதோறும் கூடிவருகிறார்கள். தமிழ் இன்னும் பிடிபடாத பிள்ளை கதைப் பாடத்தில் வாய் மூடி உட்கார்ந்திருக்கும். ஆனால், திரையில் பத்துக் கட்டைப் பிரிக்க மொழி தேவையில்லை. அந்தப் பிள்ளை எழுந்து வந்து, ஒரு சொல்லும் பேசாமல், கட்டைத் தொட்டுப் பிரித்து, ஏழை நகர்த்தி, 25 என்று எழுதும்போது, வகுப்பு முதல்முறையாக அதைத் திரும்பிப் பார்க்கிறது. பக்கத்துப் பிள்ளை ‘இருபத்தஞ்சு’ என்று சொல்லித்தர, இதுவும் சொல்லிப் பார்க்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே தொடுதிரை இந்த ஊருக்கு வேண்டும் என்று வாதாடுவேன்.

ஆனால், அந்தப் பிள்ளை ஆண்டு முழுவதும் இங்கே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை. 2025 ஆகஸ்ட் இறுதியில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்து ஆர்டர்கள் சுருங்கியபோது ஷிப்ட் குறைந்தது. ஷிப்ட் குறைந்தால் குடும்பம் ஊருக்குப் போகும், அல்லது வேலை இருக்கும் வேறு இடத்துக்கு நகரும். பள்ளி மாறும் பிள்ளையின் கூடவே போக வேண்டியது அது கழித்தலில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற ஒரு வரித் தகவல். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைகள் ஏற்கெனவே இருக்கின்றன. கல்வித் துறையின் இணையத் தகவல் தொகுப்பான எமிஸில் பிள்ளைக்கு உள்ள எண் பிள்ளையோடு போகிறது. அடுத்த பள்ளியின் ஆசிரியர் திறந்து பார்த்தால், ‘இடமதிப்பு புரியவில்லை, குச்சிக் கட்டிலிருந்து தொடங்கவும்’ என்று இருந்தால் எத்தனை நாள் மிச்சம்!

எமிஸ் என்றதும் ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. வருகைப் பதிவு, நலத்திட்டப் பதிவு, இணையவழி மதிப்பீடு என்று பாடவேளைக்குள்ளேயே செயலியில் தட்டிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது என்பது ஆசிரியர் சங்கங்களின் நெடுநாள் குரல். மூலனூர், குண்டடம் பக்கத்து ஈராசிரியர் பள்ளியை நினைத்துப் பாருங்கள். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் கூட்டத்துக்குப் போனால் ஒருவர். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். அந்த ஒற்றை ஆசிரியர், மூன்று வகுப்பைத் திரைக்கு முன் உட்கார வைத்து வீடியோவை ஓடவிட்டு, எமிஸ் வேலையை முடிக்கிறார் என்றால் அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கற்பிக்கக் கொடுத்த திரை, பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைக்கும் திரையாக மாறுவது இப்படித்தான். பதிவு வேலையை ஆசிரியரிடமிருந்து எடுத்துவிட்டுத் திரையைக் கொடுத்திருந்தால் அதன் பலன் இரட்டிப்பாகியிருக்கும்.

பழுது பார்ப்பது மற்றொரு பெரிய கதை. பேனா தொலைந்தது, இணையம் இல்லை, மென்பொருள் உரிமம் முடிந்தது, வாங்கித் தந்த நிறுவனத்தின் பொறுப்பாளர் வேலை மாறிப் போய்விட்டார். களவு போய்விட்டால் யார் பதில் சொல்வது என்ற பயம் தலைமையாசிரியருக்கு. இரவுக் காவலர் இல்லாத பள்ளிகள்தான் பெரும்பாலும். முடிவில், தூசி படாமல் துணி போட்டு மூடி, அலுவலர் வரும் நாளில் மட்டும் திறக்கும் பலகைகள்.

ஆகவே, ஊர்க்காரர்களிடம் நேராகவே கேட்கிறேன். ஒரு பின்னல் இயந்திரம் வாங்கும்போது சர்வீஸ் ஒப்பந்தம் இல்லாமல், ஓட்டத் தெரிந்த ஆள் இல்லாமல் எந்த முதலாளியும் வாங்க மாட்டார். பள்ளிக்குத் திரை வாங்கித் தரும்போதும் அதே கண்டிப்பு வேண்டும். மூன்றாண்டுப் பராமரிப்பை விலையோடு சேர்த்துப் பேசுங்கள். முதல் வகுப்புப் பிள்ளையின் கை எட்டும் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். திறப்பு விழாவுக்கு முன்பாக அந்தப் பள்ளியின் கணக்கு ஆசிரியரிடம், பத்துக் கட்டைப் பிரிக்கும் பாடத்தை இதில் நடத்திக் காட்டுங்கள் என்று ஒருமுறை கேளுங்கள். தயங்கினால் பயிற்சிக்கு ஏற்பாடு செய்யுங்கள். கம்பெனியில் வீணாகும் நூல் கூம்புகள், பட்டன்கள், வெட்டுத் துணிகள் எண்ணிப் பழக எவ்வளவோ உதவும். ஒரு மூட்டை அனுப்பிவையுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் நடக்கும் நாளில் உங்கள் தொழிலாளியான தாய்க்கு இரண்டு மணி நேரம் கூலி பிடிக்காமல் அனுமதி கொடுங்கள். தன் பிள்ளை கணக்கில் எங்கே நிற்கிறது என்று அவர் போய்க் கேட்கட்டும். இந்த ஆண்டு எந்தப் பள்ளிக்காவது ஸ்மார்ட் போர்டுக்கான பில்லில் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்றால், அதே பில்லில் வகுப்புக்கு முப்பது சிலேட்டும் ஒரு பெட்டி சாக்பீசும் சேர்க்கச் சொல்லுங்கள்.